அறளை பெயர்ந்தவர்களுக்கும் பெயர் உண்டு

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே ஒரு தொடர் உண்டு: ‘அறளை பெயர்ந்துவிட்டது’. முதுமையிலே நினைவு தடுமாறத் தொடங்கிய ஒருவரைப் பற்றி வீட்டார் இவ்வாறு கூறிவிட்டால், அதன் பின்னர் அவருடைய பேச்சுக்குச் செவிகொடுக்கும் கடமை எவருக்கும் இல்லை. பசிக்கிறது என்றாலும் அறளை. பசியில்லை என்றாலும் அறளை. மகனைத் திட்டினாலும் அறளை. மகனைக் காணவேண்டும் என்று அழுதாலும் அறளை. ஒரு மனிதரின் சொல்லைச் செல்லாக்காசாக்குவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. இந்த இரண்டு சொற்களே போதும்.

நாகரிகக் குடும்பங்களில் இச்சொல் இன்று அருகி வருகிறது. அதன் இடத்தில் ‘டிமென்சியா’ என்ற மருத்துவச் சொல் வந்து அமர்ந்திருக்கிறது. மூளையின் உயிரணுக்கள் நோயினாற் படிப்படியாகச் சிதைவதால் நினைவும், மொழியும், காலம் இடம் பற்றிய தெளிவும் குன்றுகின்றன. இது முன்வினைப் பயனும் அன்று, முதுமை அடைந்தோர் யாவருக்கும் வந்தே தீரும் விதியும் அன்று என்று விஞ்ஞானம் கூறுகிறது. மூடநம்பிக்கையின் இடத்தை விஞ்ஞானம் பிடிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், சொல் மாறியதே அன்றித் தீர்ப்பு மாறவில்லை. அன்று ‘அறளை’ என்று ஒதுக்கினோம். இன்று ‘டிமென்சியா கேஸ்’ என்று ஒதுக்குகிறோம். இந்த ஒதுக்கலுக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நினைவு தேய்ந்த ஒருவர், மனிதர் என்ற நிலையிலிருந்து தேய்ந்துபோவதில்லை. அவரை உண்பித்து, உடுப்பித்து, உறங்கவைத்துவிட்டு, அவர் யார் என்பதை மட்டும் அழித்துவிடும் பராமரிப்புக்கு, பராமரிப்பு என்ற பெயர் பொருந்தாது. பண்டசாலையிற் பொருள்களைப் பழுதுபடாமல் அடுக்கி வைப்பவரும் அவ்வளவைச் செய்கிறார்.

இது ஏதோ சில வீடுகளின் துன்பம் என்று எண்ணி ஒதுங்குவோர் சில எண்களைக் கவனித்தல் நன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12.4 வீதத்தினர் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர். இவ்வீதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்திருக்கிறது. றாகமைப் பகுதியிலே நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இந்நோயைக் கண்டது. 2021இலே உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் வருமானங் குறைந்த, இடைத்தர நாடுகளைச் சேர்ந்தோர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. எனவே, இதைப் பணக்கார நாட்டு வியாதி என்று கூறித் தப்புவதற்கு நமக்கு வழியில்லை. குடாநாட்டிலோ, போரும் புலப்பெயர்வும் இளையோரை அள்ளிச் சென்றுவிட்டன. முதியோர் எஞ்சினர்.

ஓர் ஊரின் வாக்கியம்

எண்கள் எல்லா ஊர்களையும் ஒன்றாக்கிவிடுகின்றன. ஓர் ஊரிலே இப்பிரச்சினை எத்தகைய வடிவங் கொள்கிறது என்று பார்த்தாற்றான் அதன் கூர்மை புலப்படும். மயிலிட்டியை எடுத்துக்கொள்வோம்.

வலிகாமம் வடக்கிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த கடற்கரை ஊர் அது. போருக்கு முன்னர் வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. 1990 ஜூன் மாதத்திலே அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டது. சுன்னாகம், மல்லாகம், கோணப்புலம் முதலிய இடங்களிலிருந்த நலன்புரி முகாம்களிலும், உறவினர் வளவுகளிலும், வாடகை வீடுகளிலும் ஒரு தலைமுறை மூப்படைந்தது. இன்னொரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் உள்ளிட்ட 54 ஏக்கர் நிலம் 2017 ஜூலை 3ஆம் திகதியன்றே விடுவிக்கப்பட்டது. இடையிலே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள்! வலிகாமம் வடக்கின் ஏனைய காணிகளும் துண்டு துண்டாகவே விடப்பட்டன. திரும்பிச் சென்றவர்களிற் பலர் கண்டது இடிபாட்டையும் பற்றைக் காட்டையுமே.

இன்று எண்பது வயதை எட்டும் ஒரு மயிலிட்டிக்காரர் 1990இலே நாற்பத்தைந்து வயதினர். பிள்ளைப் பருவம், முதன்முதல் கடலில் இறங்கிய நாள், கல்யாணம், மக்கட்பேறு, உழைத்துக் கட்டிய வீடு யாவும் அவருக்கு மயிலிட்டியிலே வாய்த்தவை. மறதிநோயின் போக்கை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அல்சைமர் என்னும் வகையிலே, புதிய நினைவுகளைப் பதித்துக்கொள்ளும் ஆற்றலே பெரும்பாலும் முதலிற் பழுதுபடுகிறது. அண்மைக் காலம் முந்தி அழிகிறது. பழைய காலம் நெடுநாள் நிலைக்கிறது. ஆகவே, அவர் மனத்திலிருந்து வாடகை வீடு அழிகிறது, முகாம் அழிகிறது, நிவாரண அட்டையும் வரிசையும் அழிகின்றன. எஞ்சி நிற்பது மயிலிட்டி. அதுவும் 1990க்கு முந்திய மயிலிட்டி.

அத்தகைய ஒருவர் இருட்டு விலகுமுன் எழுந்து, தாம் தங்கியிருக்கும் இல்லத்தின் வாசற்கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வீட்டுக்குப் போகவேணும்’ என்கிறார். இல்லத்தின் குறிப்பேட்டிலே ‘இரவில் அலைகிறார், அடங்கவில்லை’ என்று எழுதப்படுகிறது. கதவுக்குப் பூட்டும் அவருக்கு உறக்க மாத்திரையும் விதிக்கப்படுகின்றன. சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் கடலிலே உழைத்தவருக்கு அந்த நேரம் உறங்கும் நேரமா? எழுத்தாளனுக்கு மேசை எப்படியோ, கமக்காரனுக்கு வயல் எப்படியோ, அப்படியே கடற்றொழிலாளிக்கு அந்த இருள் வேளை. உடல் தன் தொழிலை மறக்கவில்லை. அந்த ஒழுங்கைத்தான் குறிப்பேடு ‘அலைச்சல்’ என்று பதிகிறது.

மேலும் ஒன்று. ‘வீட்டுக்குப் போகவேணும்’ என்ற அதே வாக்கியத்தை வலிகாமம் வடக்கு மக்கள் பல்லாண்டு காலம் ஒருமித்துக் கூறினார்கள். மனுக்களில் எழுதினார்கள், வீதியில் அமர்ந்து முழங்கினார்கள், நீதிமன்றத்திலும் கேட்டார்கள். அப்பொழுது நாம் அதனை உரிமைக் கோரிக்கை என்று கூறினோம். நம் பத்திரிகைகளிலே தலையங்கம் தீட்டினோம். அதே ஊரவர் ஒருவர், அதே வாக்கியத்தை, எண்பது வயதிலே இரவில் தனித்து நின்று கூறும்போது மட்டும் அது நோயின் அறிகுறி ஆகிவிடுகிறதா? கூட்டமாகக் கேட்டால் உரிமை. தனியே கேட்டால் அறளையா?

அவரை அவ்வேளையிலே மயிலிட்டிக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. அவர் தேடும் வீடு இன்று அங்கு இல்லாமலும் இருக்கலாம். ஆனால், அந்த வாக்கியத்துக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு என்று அறிந்த ஒருவர் அவர் அருகில் இருக்கவேண்டும். ‘எந்தத் துறையிலே இறங்குவீர்கள்? யாருடைய வள்ளம்? இன்றைக்குக் காற்று எப்படி?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், பூட்டுக்கும் மாத்திரைக்கும் வேலை குறையும். கேட்பதற்கு அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் நம்முடைய பராமரிப்பு தோற்றுப்போகிறது.

ஒரே அளவுச் சட்டை

குடாநாட்டிலே கைதடியில் அரசாங்க முதியோர் இல்லம் இருக்கிறது. சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்களும் உள்ளன. இவற்றுள் எந்த ஒன்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. நாம் சாடுவது ஒரு வழக்கத்தை. அந்த வழக்கம் உலகெங்கும் இல்லங்களில் உண்டு, வீடுகளிலும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு, ஒரே நேரத்திற் குளிப்பு, ஒரே நிறத்தில் உடுப்பு. பராமரிக்க வசதி என்று கூறி, ஐம்பது ஆண்டு காலம் கொண்டை முடிந்த பெண்ணின் கூந்தலை ஒட்ட நறுக்கிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மீனும் ஒடியற் கூழும் உண்ட வாய்க்கு, ‘இங்கே மரக்கறி மட்டும்’ என்ற விதியை ஊட்டுகிறார்கள். செபமாலையோடு வாழ்ந்தவரின் நெற்றியிலே திருநீறு பூசுகிறார்கள். தேவாரத்தோடு வாழ்ந்தவரைச் செபத்துக்கு அமர்த்துகிறார்கள். ஒன்றையும் நம்பாமல் நிமிர்ந்து வாழ்ந்தவரை இரண்டுக்கும் அமர்த்துகிறார்கள். ‘அவருக்கு என்ன தெரியப்போகிறது?’ என்பதே இவை அனைத்துக்கும் சமாதானம்.

அவருக்குத் தெரியும். என்ன நடந்தது என்பதை மறந்த பின்னரும், அந்நிகழ்ச்சியால் எழுந்த துயரமோ மகிழ்ச்சியோ நெடுநேரம் உள்ளத்திலே தங்குகிறது என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. காலையில் யார் அதட்டினார் என்று அவருக்கு நினைவிராது. அதட்டப்பட்ட அச்சம் மாலைவரை இருக்கும். நம்முடைய நாட்டிலே இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. சீருடையைக் கண்டாலும், பட்டாசு வெடித்தாலும், வானத்திலே ஓர் இயந்திரம் இரைந்தாலும் நடுங்கும் முதியவர் ‘காரணமின்றி’ நடுங்குகிறார் என்று எழுதுவது, வாழ்க்கையும் தெரியாமல் வரலாறும் தெரியாமல் எழுதும் எழுத்து.

இனி, அழைக்கும் முறையைக் கவனியுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு மறதிநோய் வந்தால், அவர் எவ்வளவு தடுமாறினாலும் ‘மாஸ்ரர், சாப்பிடுங்கோ’ என்கிறோம். வலை இழுத்தவருக்கும், கருவாடு சுமந்து விற்றவளுக்கும் அதே நோய் வந்தால் ‘இந்தா அப்பு, தின்’ என்கிறோம். ‘எணேய் கிழவி, சும்மா இரு’ என்கிறோம். நோய் இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்திவிட்டது. நம்முடைய நாக்கு மாத்திரம் இன்னும் சாதியும் வர்க்கமும் பார்த்துப் பரிமாறுகிறது. அப்பு என்பதும் ஆச்சி என்பதும் அன்பான சொற்களே. ஆனால் பேரன் ஒருவன் தன் ஆச்சியை அழைப்பது வேறு. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, எவருடைய பெயரையும் அறியாமல், பத்துப் பேரையும் ஆச்சி என்பது வேறு. முன்னது உறவு. பின்னதிலே அந்தச் சொல் ஒரு தொகுதி இலக்கமாக இழிந்துவிடுகிறது.

‘அவர்கள் குழந்தைகள் மாதிரி’ என்று நல்லெண்ணத்தோடு கூறுவாரும் உளர். முற்போக்காளர் வாயிலும் இதனைக் கேட்கிறோம். இது இனிப்புப் பூசிய அவமதிப்பு. குழந்தைக்குப் பின்னால் வாழ்க்கை இல்லை, முன்னால்தான் இருக்கிறது. முதியவருக்குப் பின்னால் எண்பது ஆண்டு உழைப்பும், தீர்மானங்களும், தவறுகளும், காதலும், இழப்பும் இருக்கின்றன. குழந்தைக்குக் கற்பிக்கிறோம். முதியவரைக் கேட்கவேண்டும். குழந்தையாக்கிவிட்டால் கேட்கவேண்டியதில்லை என்பதே அந்த உவமையின் வசதி.

ஒரு நேரச் சோறும் ஒரு படமும்

நம்முடைய சமுதாயம் முதியோர் இல்லங்களை முற்றாக மறந்துவிட்டது என்று கூறுவது நியாயமாகாது. தகப்பனாரின் திவசத்துக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அங்கே மதிய உணவு கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் வருகிறது. அந்தச் சோற்றை நாம் பழிக்கவில்லை. பசித்த வயிற்றுக்குச் சோறு சோறுதான். ஆனால் அந்தச் சோற்றோடு கூடவே ஒளிப்படக் கருவியும் வருகிறது. கேக் வெட்டப்படுகிறது. யாருடைய பிறந்தநாள் என்று அறியாத முதியவரின் வாயிலே ஒரு துண்டு ஊட்டப்படுகிறது. வாயோரத்தில் வழியும் அந்தத் துண்டோடு அவருடைய முகம் உலகெங்கும் செல்கிறது. அவரிடம் அனுமதி கேட்டவர் யார்? ஊரிலே தலைநிமிர்ந்து நடந்த மனிதர், தம்மை அந்தக் கோலத்திலே ஊரார் காணச் சம்மதித்திருப்பாரா? கொடையாளியின் பெயர் படத்தின் கீழே தெளிவாக இருக்கிறது. உண்டவரின் பெயர் இல்லை. இந்தப் பெயரின்மையைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

பிள்ளைகளைத் திட்டி ஓய்ந்துவிடுவது எளிது. நம் சொற்பொழிவாளர் பலர் அதையே செய்கின்றனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. பராமரிப்புப் பணம் கோருவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. நல்ல சட்டமே. ஆயினும் பணத்தையும் கூரையையும் அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, ஒருவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பதை அளக்கத் தெரியாது. மேலும், பிள்ளைகள் ஏன் தூர நாடுகளிலே இருக்கிறார்கள்? யார் அவர்களை ஓடச் செய்தார்கள்? ஊரை வேலியடைத்து, தொழிலைப் பறித்து, இளைஞரை நாடுகடத்திய அரசியலை விட்டுவிட்டு, ‘நன்றிகெட்ட பிள்ளைகள்’ என்று பாட்டுப் பாடுவது உண்மையை மறைக்கும் வேலை.

குடும்பத்தைத் தெய்வமாக்குவதும் அவ்வாறே. வீட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி என்கிறார்கள். யார் பார்ப்பது? மகள் அல்லது மருமகள்; கூலியில்லாமல், ஓய்வில்லாமல், இரவிலும் பகலிலும். அவளுடைய தனித்துவத்தைப் பலியிட்டு முதியவரின் தனித்துவத்தைக் காக்க இயலாது. களைத்துப்போன கை வீட்டிலும் கதவைப் பூட்டும். வீட்டிலும் கட்டிலிற் கட்டும்.

இல்லங்களிலே பணிபுரியும் பெண்களை நோக்கியும் நாம் விரல் நீட்டவில்லை. அவர்களுட் பலர் வறியவர்கள். போரிலே துணையை இழந்தவர்களும் உளர். மலமும் மூத்திரமும் துடைக்கும் அவர்கள் உழைப்பைச் ‘சேவை’ என்று புகழ்ந்துவிட்டுக் குறைந்த கூலியைக் கையில் வைக்கிறது சமுதாயம். ஒரே ஒருத்தி இருபது பேரைக் குளிப்பாட்ட வேண்டுமாயின், அவள் வரிசையாகவே குளிப்பாட்டுவாள். பெயர் கேட்க அவளுக்கு நேரமிராது. பணியாளரின் கூலியையும் தொகையையும் பயிற்சியையும் உயர்த்தாமல் முதியோரின் கௌரவத்தைப் பற்றிப் பேசுவது வெறும் உபதேசம். இரண்டும் ஒரே போராட்டம்.

இரண்டு ஆட்சேபங்கள்

நம் அணியிலிருந்தே ஓர் ஆட்சேபம் எழும். ‘தனித்துவம், தனித்துவம் என்கிறீர்களே, இது முதலாளித்துவத்தின் தனிமனிதவாதமன்றோ? பட்டினி தீராத நாட்டிலே இது ஆடம்பரமன்றோ?’ என்று தோழர்கள் கேட்பர். இரண்டையும் குழப்புதல் கூடாது. தனிமனிதவாதம், ‘என்னைத் தவிர எவருமில்லை’ என்கிறது. தனித்துவத்தை மதிக்கும் கொள்கையோ, ‘இவரைப் போல் இன்னொருவர் இல்லை, ஆதலால் இவர் நம் எல்லோருக்கும் வேண்டியவர்’ என்கிறது. தொழிற்சாலை வாயிலிலே மனிதனை இலக்கமாக மாற்றியது யார்? மூலதனமே. உழைக்கும் வயதிலே அவனை இலக்கமாக்கிய அமைப்பு, உழைக்க முடியாத வயதிலே அவனைக் கட்டில் இலக்கமாக்குகிறது. அதனை எதிர்க்கும் கடமை முதலிலே நமக்கன்றோ உரியது? உற்பத்திக்கு உதவாதவன் மதிப்பற்றவன் என்ற கணக்கு முதலாளியின் பேரேட்டிலிருந்து வந்தது. முற்போக்காளன் அதனை இரவல் வாங்கலாமா?

இரண்டாவது ஆட்சேபம் பணம். மறதிநோயாளருக்காக வீடு, கடை, தெரு என ஒரு சிற்றூரையே அமைத்து, அவரவர் வாழ்க்கை முறைக்கு ஏற்பக் குடியமர்த்தியிருக்கிறது நெதர்லாந்து. வேஸ்ப் நகரிலே 2009இல் அவ்வில்லம் எழுந்தது. அது செல்வ நாடு. நம்மால் இயலாது என்பர். ஆனால் ஒருவரை அவர் பெயரால் அழைக்க என்ன செலவு? தேநீரா, பாலா என்று கேட்க என்ன செலவு? அவருடைய சாரத்தையே அவருக்கு உடுப்பதற்கு, வலை முடிந்த விரல்களுக்கு ஒரு நூற்கண்டும் ஊசியும் கொடுப்பதற்கு எந்த வெளிநாட்டுக் கடன் வேண்டும்? மொழியை இழந்த பின்னரும் பழகிய கைகள் நெடுநாள் தம் தொழிலை மறப்பதில்லை. அருகேயுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1993இலே கோழிக்கோட்டில் சிறு அளவிலே தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னர் ஊர்தோறும் சாதாரண மக்களும் மாணவரும் தொண்டர்களாகப் பங்குபற்றும் இயக்கமாக வளர்ந்தது. 2008இலே அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. மக்கள் முன்சென்றார்கள், அரசு பின்தொடர்ந்தது.

மாத்திரையால் அடக்குவதுதான் உண்மையில் விலைகூடியது. மனநோய்க்கான சில மருந்துகளை மறதிநோயுள்ள முதியோருக்குக் கொடுப்பது மரண அபாயத்தை அதிகரிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலேயே எச்சரித்தது. மருந்து தேவைப்படும் வேளை உண்டு. அதை வைத்தியர் அறிவார். ஆனால் இல்லத்தின் அமைதிக்காக ஒருவரை மயக்கி வைப்பது வைத்தியமாகாது.

எழுதி வைத்த ஒருவர்

இந்நோயின் வரலாற்றிலேயே நமக்கொரு பாடம் இருக்கிறது. 1901 நவம்பரிலே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி கொண்டுவரப்பட்டாள். பெயர் அவுகுஸ்டே டேட்டர். ரயில்வே எழுதுவினைஞர் ஒருவரின் மனைவி. அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவள் அருகில் அமர்ந்து கேள்விகள் கேட்டார். 1906இல் அவள் இறந்த பின்னர் அவளுடைய மூளையை ஆராய்ந்து கண்டவற்றை வெளியிட்டார். நோய்க்கு வைத்தியரின் பெயர் நிலைத்தது. அவளுடைய பெயர் ஏட்டிலே புதைந்தது. 1995இலே அவளுடைய பழைய கோவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அவள் கூறிய விடைகளை வைத்தியர் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருந்தார். தான் தன்னையே தொலைத்துவிட்டதாக அவள் கூறியதும் அவ்வாறுதான் நமக்குத் தெரிய வந்தது. தன்னை இழப்பதை ஒருத்தி அறிந்திருந்தாள். அதைச் சொல்லவும் செய்தாள். ஒருவர் எழுதி வைத்ததால் அவள் இன்றும் வெறும் நோயாக அன்றி, ஒரு பெண்ணாக நம் முன் நிற்கிறாள்.

பிரித்தானியாவின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய டொம் கிற்வுட் என்ற உளவியல் அறிஞர் 1997இல் வெளியிட்ட நூலிலே, மறதிநோயாளரைச் சிதைப்பது மூளையின் அழிவு மட்டுமன்று என்று வாதிட்டார். சூழ உள்ளோர் அவரை ஏமாற்றுவதும், குழந்தையாக்குவதும், முத்திரை குத்துவதும், அவர் இருக்கும்போதே இல்லாதவர்போற் பேசுவதும் சேர்ந்தே அவரை வீழ்த்துகின்றன என்றார். ஒருவர் ‘ஆள்’ என்னும் தகுதி பிறரோடுள்ள உறவிலே நிலைபெறுகிறது என்பது அவர் துணிபு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இலே ஏற்று உறுதிசெய்தது. அறிவாற்றல் குன்றியவரும் சட்டத்தின் முன் ஏனையோருக்குச் சமமான ஆளே என்பது அவ்வுடன்படிக்கையின் அடிப்படை. கையெழுத்து இருக்கிறது. இல்லத்தின் வாசலுக்குள் அது இன்னும் நுழையவில்லை.

உறவிலே நிலைபெறுகிறது என்ற அக்கருத்தை மயிலிட்டியில் வைத்துப் பாருங்கள். முற்காலத்திலே ஒருவர் தம்மை மறந்தால், அவரை ஊர் நினைவில் வைத்திருந்தது. தெருவிலே தடுமாறி நின்றவரைக் கண்டதும், ‘இவர் இன்னாருடைய மகன், இன்ன வீட்டுக்காரர், சுழியோடுவதில் சூரர்’ என்று சொல்லி அழைத்து வந்து விடுவதற்குப் பத்துப் பேர் இருந்தனர். அவருடைய நினைவு அவருடைய தலைக்குள் மட்டும் இருக்கவில்லை. அயலிலே பகிர்ந்து வைக்கப்பட்டிருந்தது. 1990 அந்த அயலைச் சிதறடித்தது. ஒருவர் சுன்னாகத்தில், ஒருவர் சென்னையில், ஒருவர் ரொறன்ரோவில். ஊர் இடம்பெயர்ந்தது, அதன் பின்னரே பலருக்கு அறளை பெயர்ந்தது. இன்று முதியவர் தம்மை மறக்கும்போது, அவரை நினைவில் வைத்திருக்கும் ஊரும் அருகில் இல்லை. ஆகவே, இந்த மண்ணிலே முதியவரின் தனித்துவத்தைக் காப்பது, பறிக்கப்பட்ட ஊரை மீட்கும் வேலையின் ஒரு பகுதியும் ஆகும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இந்த வேலையிலே உங்களுக்கு இடமுண்டு. இல்லத்திலாயினும் வீட்டிலாயினும் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு கொப்பி வேண்டும். அவருடைய முழுப் பெயர், ஊரிலே வழங்கிய பெயர், எப்படி அழைத்தால் மகிழ்வார், என்ன தொழில் செய்தார், எந்தச் சாப்பாடு பிடிக்கும், எந்தப் பாட்டு, எந்தத் தெய்வம் அல்லது தெய்வமின்மை, எதற்கு அஞ்சுவார், யாரை இழந்தார் என்பன அதில் எழுதப்பட வேண்டும். நினைவு முற்றாக மங்குமுன் அவரிடமே கேட்டு எழுதவேண்டும். பின்னர் அவர் உறவினரிடமும் அயலவரிடமும் கேட்டு நிரப்பவேண்டும். பணியாளர் மாறினாலும் அந்தக் கொப்பி மாறாமல் அவர் கட்டிலருகே இருக்கவேண்டும். அவருக்குச் சொந்தமானதாக இருக்கவேண்டும். வேடிக்கை பார்ப்போருக்கு விரிக்கலாகாது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்குமா? ஆனால் மாணவர் பாடத்துக்காக முதியவரைப் பயன்படுத்துதல் ஆகாது. எழுதியவன் மறுவாரமும் செல்லவேண்டும்; அதற்கு அடுத்த வாரமும் செல்லவேண்டும்.

இல்ல நிர்வாகங்களிடமும் மாகாண ஆட்சியிடமும் நாம் கேட்பவை மிகையானவை அல்ல. காரணத்தை எழுத்திலே பதியாமல் எவரையும் கட்டவோ மயக்கவோ கூடாது. அனுமதியின்றி எவருடைய முகத்தையும் படமாக்கக் கூடாது. அவரவர் உடையும் பெட்டியும் அவரவரிடம் இருக்கவேண்டும். உணவிலும் நேரத்திலும் தெரிவு இருக்கவேண்டும். பணியாளருக்கு வாழத்தக்க கூலியும், போதிய ஆட்பலமும், பயிற்சியும் வேண்டும். கடலோடு வாழ்ந்தவரை எப்பொழுதாவது கடலுக்கு அழைத்துச் செல்லவேண்டும். மயிலிட்டித் துறைக்கு 2017 முதல் வழி திறந்திருக்கிறது. வழி திறந்த பின்னரும், அதற்காக இருபத்தேழு ஆண்டு காத்திருந்தவரை நாமே பூட்டி வைத்திருப்போமாயின், அந்தப் பழைய வேலியை விமர்சிக்கும் யோக்கியதை நமக்கு ஏது?